ஸ்ட்ராப்: சவரக்கத்திக்கு ஒரு வார்

கைக்கடிகாரத்தில் இருப்பதும் ஸ்ட்ராப், மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும் தோலும் ஸ்ட்ராப். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் உயிரெழுத்து வேறுபடும்: முன்னது strap, பின்னது strop. தமிழில் எழுதும்போது அதுவும் போய்விடுகிறது. இழப்பொன்றும் இல்லை, ஏனென்றால் பிறப்பில் இரண்டும் ஒரே சொல். கத்தி தீட்டும் தோலுக்கு நின்றுவிட்ட வடிவம்தான் மூத்தது. கடிகாரப் பட்டையின் பெயர் ஸ்காட்லாந்துப் பக்க உச்சரிப்பிலிருந்து பின்னால் கிளைத்தது.

இன்னும் பின்னே போனால் லத்தீனில் ‘ஸ்ட்ரோப்பஸ்’, கிரேக்கத்தில் ‘ஸ்ட்ரோஃபோஸ்’: முறுக்கிய கயிறு என்று பொருள். திருப்புதல், முறுக்குதல் என்ற வினையில் பிறந்தது. கப்பலில் கப்பியைச் சுற்றிப் போடும் கயிற்று வளையத்தை மாலுமிகள் இன்றும் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். கயிறு பட்டையாகி, பட்டை தோலாகி, நாவிதர் கைக்கு வந்து சேர்ந்தது. பேரழிவைக் குறிக்கும் ‘கட்டாஸ்ட்ரஃபி’யும் இதே வேரில் வந்ததுதான். தோலில் கத்தியை விளிம்பு முன்னே போகும்படி தள்ளிப் பார்த்தவருக்கு அந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? முதலில் நினைவுக்கு வருவது சாணை. அது தவறு. சாணைக்கல் இரும்பைத் தேய்த்துப் புது விளிம்பு உண்டாக்கும். வெறுந்தோல் அப்படி எதையும் பெரிதாகத் தேய்ப்பதில்லை. ஒருமுறை மழித்தாலே கத்தியின் மெல்லிய விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கங்கே சாய்ந்து மடங்கும். அதை நிமிர்த்தி, ஒட்டியிருக்கும் அழுக்கையும் நீக்குவதுதான் தோலின் வேலை. விளிம்பு மழுங்கியே போய்விட்டால் தோல் எத்தனை முறை இழுத்தும் பயனில்லை, கல்லுக்குத்தான் போக வேண்டும்.

‘தீட்டுதோல்’ பொருளுக்குச் சரி. ஆனால் வாயில் அது ‘தீட்டுத்தோல்’ ஆகிவிடும். தொழிலைக் காட்டி ஒரு சமூகத்தையே தள்ளி வைத்த ஊரில், அந்தத் தொழிலின் கருவிக்கு இப்படி ஒரு பெயர் வேண்டாம். ‘தீட்டுப்பட்டை’ என்றால் பட்டை தீட்டிய வைரம் குறுக்கே வருகிறது. ‘தீட்டுவார்’ அழகாக இருக்கிறது, ஆனால் யார் தீட்டுவார் என்று கேட்கத் தோன்றும்.

மற்ற மொழிகள் இவ்வளவு அலட்டிக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வெறும் ‘தோல்’. ஜெர்மானியர்களுக்கு ‘தடவும் வார்’. ஸ்பானிய மொழியில் ‘மென்மையாக்கி’. மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். நமக்கு வார் என்ற சொல்லே கையில் இருக்கிறது. செருப்புக்கு வார், பறைக்கு வார், கத்திக்கும் வார். ‘கத்திவார்’ என்று சொன்னால் குழப்பமில்லை.

வார் பழைய சொல். முரசுகட்டிலில் உறங்கிவிட்ட மோசிகீரனாருக்குச் சேர மன்னன் கவரி வீசிய கதையைச் சொல்லும் புறநானூற்று 50ஆம் பாடலில், முரசை இறுக்கிக் கட்டிய தோல் ‘வார்புறு வள்பு’. தொல்காப்பிய உரியியல் ‘வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள’ என்கிறது. நேராக இருப்பது, நீண்டு இருப்பது. நீண்ட தோல், அதில் நேராகும் விளிம்பு. ஆங்கிலச் சொல்லில் இருப்பது முறுக்கு, நம் சொல்லில் இருப்பது நேர்மை!

வாங்க நினைப்பவர் முதலில் அகலத்தைப் பார்க்கட்டும். கத்தியின் அலகு ஏறத்தாழ 3 அங்குலம். வாரும் 3 அங்குலம் இருந்தால் நேராக இழுத்துவிடலாம். 2 அங்குல வாரில் குறுக்குவாட்டில் நகர்த்தி இழுக்கப் பழக வேண்டும். மாட்டுத்தோல் சற்றே பிடித்து இழுக்கும், குதிரைத்தோல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டிலும் வேலை நடக்கும். நல்ல தொங்குவாரில் தோலோடு கித்தான் துணியும் சேர்ந்திருக்கும். கித்தானில் முதலில், தோலில் பிறகு. முதல் வார் விலை குறைந்ததாக இருக்கட்டும், ஏனென்றால் அதை நீங்கள் வெட்டப்போகிறீர்கள். நானும் முதல் வாரத்திலேயே வெட்டினேன்.

வெட்டாமல் இருக்க ஒன்றே வழி: கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், விளிம்பு பின்னே வர வேண்டும். வாரை விறைப்பாகப் பிடித்து, கத்தியைப் படுக்கவைத்து, அதன் எடையே அழுத்தம் என்று விட்டுவிடுங்கள். முனையில் திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழக்கூடாது; முதுகின்மேலேயே உருட்டித் திருப்புங்கள். மழிக்கும் முன் தோலில் நாற்பது ஐம்பது இழுப்பு போதும். வேகம் தானாக வரும், அதைத் தேடிப் போக வேண்டாம். பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைச் சிலர் தடவுவார்கள். அது இரும்பை உண்மையிலேயே தேய்க்கும், அப்போது வார் பாதிச் சாணை ஆகிவிடுகிறது. பசைக்கு வேறொரு தோலை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் முடிதிருத்தும் கடைகளில் ஆளுக்கொரு புது பிளேடு என்று ஆனபின் வார் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. வாடிக்கையாளர் நலத்துக்கு அது நல்லதுதான். வீட்டில் தன் கத்தியைத் தானே வைத்துக்கொள்பவருக்கு மட்டும் இந்தச் சொல் இனித் தேவைப்படும். வினைக்குத் தனிச்சொல் தேட வேண்டாம்: மாதக் கணக்கில் ஒருமுறை கல்லில் தீட்டு, தினமும் வாரில் தீட்டு.