நோயாளிக்குத் துணை இருப்பவருக்கும் சம்பளத்தோடு லீவு வேண்டும்

"என் பேர்ல ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் போட்டுத் தர முடியுமா டாக்டர்?"

இப்படிக் கேட்பவர் பல சமயம் நோயாளி இல்லை. நோயாளியின் மகள், மருமகள், சில நேரம் கணவர். அம்மா பக்கவாதம் வந்து வார்டில் கிடப்பார், கூடவே இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு முடியவில்லை என்று பனியன் கம்பெனியில் சொன்னால் லீவு கிடைக்கலாம், சம்பளம் கிடைக்காது. தனக்கே முடியவில்லை என்று சான்று இருந்தால் இ.எஸ்.ஐ.யில், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில், பணம் வரும். நன்றாக இருப்பவருக்கு நோய் என்று என்னால் எழுத முடியாது. ஆனால் கேட்பவர் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. நேர்மையாக உழைக்கிறவரைப் பொய் சொல்ல வைப்பது சட்டத்தில் இருக்கும் குறைதான்.

முதலில், இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இதுவே பலருக்குத் தெரியவில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு உடம்பு முடியாமல் போனால், வருடத்தில் 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து தேவையான சந்தா கட்டியவர்களுக்கு, 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரைகூடக் கிடைக்கும். அந்தப் பணம் வாங்கும் காலத்தில் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. இவ்வளவு இருந்தும், காசநோய் மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரமே ஷிப்டுக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் அடைத்த செக்கிங் ஹாலில், துணியில் குறை பார்க்கும் அந்தக் கூடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சரி, இது நோயாளிக்கு. துணை இருப்பவருக்கு?

அரசு மருத்துவமனையோ தனியாரோ, "கூட ஒரு ஆள் இருக்கணும்" என்றுதான் சொல்கிறோம். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவது, கை கால் பயிற்சி கொடுப்பது, இதெல்லாம் நர்ஸ் ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போன பிறகு, அந்த மகள் செய்கிற வேலை. வீட்டுக்குப் போன பிறகும் வாரக்கணக்கில் தொடரும். டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், வருடக்கணக்கில். நான் எழுதும் மருந்து பாதி வேலைதான் செய்கிறது. மீதியைச் செய்கிறவருக்கு அந்த நாள் கூலி கிடையாது. சம்பாத்தியம் இல்லாமல் மகளை நம்பி இருக்கும் அம்மா என்றால் இ.எஸ்.ஐ. அவருக்குச் சிகிச்சை தருகிறது. அவரைக் கவனிக்க வேலையை விட்டு வந்த மகளுக்கு ஒரு ரூபாய் தருவதில்லை.

துணை இருப்பதற்கான லீவு வேறு எதில் உண்டு என்று பார்த்தால், குழந்தை பிறந்தால் அப்பாவுக்கு மத்திய அரசு வேலையில் 15 நாள் உண்டு. தனியாரில் சட்டப்படி எதுவும் இல்லை.

இந்தச் சுமையை முதலாளி தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பேறுகாலச் சட்டத்தைப் பாருங்கள். 2017 திருத்தத்தில் சம்பளத்தோடு கூடிய 12 வார லீவு 26 வாரம் ஆனது, மிக நல்ல மாற்றம். ஆனால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே அந்தச் சம்பளம் முழுவதையும் நிறுவனமே கொடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் வேலை கேட்டு வரும் பெண்ணைச் சிறு நிறுவனங்கள் தயங்கிப் பார்க்க இதுவும் ஒரு காரணம். பொது நிதியிலிருந்து வந்தால் அந்தத் தயக்கம் குறையும். ஜப்பானில் நோயுற்ற ஒரு குடும்ப உறுப்பினருக்காக 93 நாள் வரை லீவு எடுக்கலாம், சம்பளத்தில் 67 சதவீதத்தை வேலைவாய்ப்புக் காப்பீடு கொடுக்கிறது. நம்மிடம் இ.எஸ்.ஐ. இருக்கிறது. சம்பளத்தில் முதலாளி 3.25, தொழிலாளி 0.75 சதவீதம் மாதாமாதம் கட்டுகிறார்கள். மருத்துவரும் மருந்தகமும் அலுவலகமும் தயாராக இருக்கின்றன. நோயாளிக்கு இத்தனை நாள் துணை தேவை என்று உண்மையான சான்று எழுத நாங்கள் தயார். அதை ஏற்கும் ஒரு விதிதான் இல்லை.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் கூலி உயர்வோடு இதையும் வைக்க வேண்டும்: வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால், வருடத்துக்கு முதலில் பத்து நாளாவது, சம்பளத்தோடு.