கதை நகரவில்லையா? லொட்ஜ் மனேஜரைக் கேளுங்கள்

புனைகதைப் பிரதிகளைச் செம்மைப்படுத்துவதுதான் கொழும்பில் என் வேலை. "அக்கா, பாதியில் கதை நின்றுவிட்டது, இனி என்ன நடக்க வைப்பது?" என்று கேட்டுக்கொண்டே பலர் வருகிறார்கள். பிறகு அவர்களே ஒரு விபத்தையோ சாவையோ உள்ளே தள்ளிவிடுவார்கள். வேண்டாமே. கதைநாயகனின் தலைக்குள்ளேயே குந்திக்கொண்டிருந்தால் கதை நிற்கத்தான் செய்யும்.

2007 ஜூன் 7 அதிகாலையை எடுத்துக்கொள்வோம். கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. இதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் பஸ்ஸில் ஏற்றப்பட்ட பையனின் கண்ணால்தான் எழுதுகிறார்கள். பாவம், அவனுக்குத் தெரிந்தது கதவு தட்டும் சத்தம், அடையாள அட்டை, பஸ். மூன்று பக்கத்தில் முடிந்துவிடும், மீதிப் பக்கங்களில் அழுவான்.

அதே இரவை வெள்ளவத்தை லொட்ஜ் மனேஜர் "நான்" என்று சொல்வதாக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பதிவுப் புத்தகம் அவரிடம். யார் வெளிநாடு போக ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருக்கிறார், யார் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தவர், எந்த அறையில் வாடகை பாக்கி, எல்லாம் அவருக்குத் தெரியும். பொலிசாரிடம் அந்தப் புத்தகத்தை நீட்டியவரும் அவரேதான். பயத்தில் நீட்டினாரா, விரும்பியே நீட்டினாரா, அல்லது யாரோ ஒருவரின் பக்கத்தை முன்கூட்டியே கிழித்து வைத்தாரா? இதில் ஒன்றை முடிவு செய்தாலே, பையன் திரும்பி வந்து அவர் முன்னால் நிற்கும்போது இருவருக்கும் பேச விஷயம் இருக்கும்.

மனேஜர் சொல்வதாக நீங்கள் எழுதிய அந்தப் பக்கத்தைக் கதையில் சேர்க்க வேண்டியதில்லை, அநேகமாகக் கிழித்துப் போடத்தான் (இதைச் சொன்னதும் எழுதியவரின் முகம் சுருங்கும், என்ன செய்வது). அதிலிருந்து ஒரு தகவல் பையனின் காதுக்கு வந்தால் போதும்.

பொலிஸ்காரருக்கும் இதையே செய்யுங்கள். அவரை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. கட்டளை மட்டும் போடுகிறவர் வெறும் மரப்பொம்மை. விடியுமுன் பட்டியலை முடிக்க வேண்டும், தமிழோ அரைகுறை, அதனால் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கிறார் என்று வைத்தால் வசனம் தானாக வரும்.

அப்புறம், பையனின் பார்வையில் போகிற காட்சிக்குள் திடீரென்று "மனேஜர் மனதுக்குள் வருந்தினார்" என்று எழுதாதீர்கள். அது பையனுக்கு எப்படித் தெரியும்? மனேஜர் புத்தகத்தை மூடாமல் நின்றார் என்று எழுதலாம், அது கண்ணில் படும். இருவரின் மனதுக்குள்ளும் போயே ஆக வேண்டுமென்றால், சரி, அத்தியாயத்தைப் பிரித்துவிடுங்கள்.