ஐக்கியம்: சொல்லும் பொருளும்

இலங்கை மலையகத்தில் எந்தத் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவ சபைக்குப் போனாலும் இந்தச் சொல் காதில் விழும். பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், ஐக்கியக் கூட்டம், அப்புறம் ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது "அவங்க இப்ப நம்ம ஐக்கியத்துல இல்ல" என்று யாரைப் பற்றியாவது மெதுவாகச் சொல்வது. சரி, ஐக்கியம் என்றால் என்ன என்று கேட்டால், சண்டை போடாமல் ஒற்றுமையாக இருப்பது என்பார்கள், இல்லாவிட்டால் கூட்டத்துக்கு ஒழுங்காக வருவது என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் முக்கியமான பாதி விடுபட்டுப் போகிறது.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ஏகம் என்றால் ஒன்று. வேதம் வைதிகம் ஆனதுபோல, சேனை சைனியம் ஆனதுபோல, ஏகம் ஐக்கியம் ஆனது. ஒன்றாயிருக்கும் தன்மை என்பது நேர்ப்பொருள். சைவர் வழக்கில் சிவ ஐக்கியம் என்றால் உயிர் சிவனோடு கலப்பது. ஐக்கிய நாடுகள், ஐக்கிய தேசியக் கட்சி எல்லாம் இதே வேரில் முளைத்தவைதான். பேச்சிலும் "வந்த ரெண்டு நாள்ல வீட்டோட ஐக்கியமாயிட்டான்" என்கிறோம். எங்கே பார்த்தாலும் பலது சேர்ந்து ஒன்றாகிவிடுவது என்பதே கருத்து.

ஆனால் புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் இந்த இடத்தில் இருக்கும் சொல் கொய்னோனியா. அதன் அடி கொய்னோஸ், அதாவது பொது. ஒன்று வேறு, பொது வேறு. ஒன்றானால் நானும் நீயும் தனித்தனியாக இல்லை. பொது என்றால் நீ நீயாகவே இருக்கிறாய், நான் நானாகவே இருக்கிறேன், நடுவில் இருப்பது நம் இருவருக்கும் சொந்தம். தொழில் நடத்தும் ஆட்களும் புழங்கிய சொல் இது. லூக்கா 5:10இல் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் "கூட்டாளிகள்" என்று வருகிறதே, அங்கே மூலத்தில் இருப்பது இதே குடும்பத்துச் சொல்தான். மீன் பட்டாலும் வலை கிழிந்தாலும் பங்கு எல்லோருக்கும் உண்டு.

இதைத் தமிழாக்கியவர்கள் ஒரே சொல்லோடு நிற்கவில்லை. 1871இல் முழுமையாக வெளிவந்து இன்றுவரை நம் சபைகளில் வாசிக்கப்படும் வேதாகமத்தில் 1 யோவான் 1:3இல் ஐக்கியம் என்று இருக்கிறது, அப்போஸ்தலர் 2:42இல் அந்நியோந்நியம், எபிரெயர் 13:16இல் தானதர்மம். ஆமாம், அங்கே "தானதர்மம்பண்ணவும்" என்று நாம் வாசிப்பதும் கொய்னோனியாதான்! இடத்துக்கு ஏற்ப மாற்றியது தப்பில்லை, ஆனால் அதனால் என்ன ஆயிற்று என்றால், ஜெபக்கூட்டம் ஐக்கியம் என்றும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) அடுப்பு எரியாத வீட்டுக்கு ஒரு கிலோ அரிசி கொண்டுபோவது தர்மம் என்றும் நம் மனதில் இரண்டு கணக்காகப் பிரிந்துவிட்டது. மூலத்தில் அது ஒரே கணக்கு.

பொதுவாகப் பகிர்வதற்குத் தாழ்மையும் வேண்டும். அது எங்கே வருகிறது? பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முதல் வசனத்தில் அன்பின் தேறுதலும் ஆவியின் ஐக்கியமும், மூன்றாம் வசனத்தில் மனத்தாழ்மை. அந்த நிருபத்தை எழுதிய பவுல் இவற்றைப் பிரித்துப் பேசவே இல்லை. பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு கொரிந்து சபையே சாட்சி. கர்த்தருடைய பந்திக்கென்று கூடினார்கள், வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்". பிந்தி வந்தவர்கள் வேலை முடியாத அடிமைகளும் கூலியாட்களுமாக இருந்திருக்க வேண்டும் என்று விளக்கவுரைகளில் சொல்வதுண்டு. பின்னேரம் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்து, வீடு வந்து, பிள்ளைகளுக்கு ஏதாவது பண்ணிக் கொடுத்துவிட்டு ஜெபத்துக்கு ஓடிவரும் நம் பெண்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பவுல் அதற்குச் சொன்ன மருந்து ரொம்பச் சின்னது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

இன்னொரு இடம், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. பிலேமோன் என்ற எஜமானுக்கு, அவனை விட்டுப் பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவைப் பற்றிப் பவுல் எழுதுகிறார்: நீ என்னை உன்னோடு ஐக்கியமானவன் என்று எண்ணினால், என்னை ஏற்றுக்கொள்வதுபோல அவனையும் ஏற்றுக்கொள். இங்கே இறங்கி வரச் சொல்லப்படுவது யார் என்று கவனியுங்கள். எஜமான்.

மலையகத்தில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1850களில் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து தோட்டங்களில் ஊழியம் செய்தபோது, அந்த ஊழியத்தின் பெயரிலேயே 'கூலி' என்ற சொல் இருந்தது, தமிழ்க் கூலி மிஷன் என்று. அந்தச் சொல்லைப் பிற்பாடுதான் கைவிட்டார்கள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் தலைகுனிந்தே நின்ற சனத்திடம் போய் இன்னும் தாழுங்கள் என்று பிரசங்கிப்பது சுவிசேஷம் ஆகாது. வள்ளுவர் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறார்: "பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு". இருக்கிறவன் பணியட்டும், இல்லாதவன் நிமிரட்டும். தாழ்த்தப்படுவது வேறு, தாழ்மை வேறு. தாழ்மையை விரும்பித்தான் எடுக்க முடியும், அடுத்தவன் தலையில் அதை ஏற்ற முடியாது.

நடைமுறையில் இது சின்னச் சின்ன விஷயங்களில் தெரியும். லயத்துக் காம்பராவில் வீட்டு ஜெபம். எல்லோரும் பாயில், ஸ்டாப் வீட்டு (தோட்ட உத்தியோகத்தர்) ஐயா வந்தால் அவருக்கு மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரை, மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், அவருக்குச் சோசரோடு பூப்போட்ட கோப்பை. உபசரிப்பு நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஐயா கதிரையைக் கால் வலிக்கிற பாட்டிக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து, அடுத்த வாரம் "நம்ம வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டு அதே பூப்போட்ட கோப்பையில் பாட்டிக்குத் தேத்தண்ணி கொடுத்தால், அதற்குப் பெயர்தான் கொய்னோனியா. தேவனை ஒருவரும் ஒருபோதும் கண்டதில்லை, நாம் ஒருவரிடத்தொருவர் அன்புகூர்ந்தால் அவர் நமக்குள் நிலைத்திருக்கிறார் என்கிறார் யோவான். தேவ அன்பு தனியாக மேலேயிருந்து வந்து இறங்கும் என்று காத்திருக்கிறவர்கள் இந்த வசனத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கலாம்.

இனி நல்ல தமிழில் என்ன சொல்வது? கூட்டுறவு என்பதுதான் பொருளுக்கு மிக நெருக்கம், ஆனால் அதைக் கூட்டுறவுச் சங்கக் கடை பிடித்துக்கொண்டது, ஜெபக்கூட்ட அறிவித்தலில் போட்டால் பருப்பு விலை கேட்பார்கள். தோழமை அழகான சொல், ஆனால் பகிர்தல் அதில் வெளிப்படையாக இல்லை. 1995இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு நட்புறவு என்கிறது, பரவாயில்லை. கத்தோலிக்கர் வழங்கும் அன்பியம் சின்ன அயல்வீட்டுக் குழுக்களுக்கான பெயர், அன்பை வேராக வைத்து ஆக்கிய அருமையான சொல், ஆனால் அது குழுவைக் குறிக்குமே தவிர உறவைக் குறிக்காது. அவர்களிடமே ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகத்தைக் குறிக்கும் பங்கு என்ற சொல்லும் இருக்கிறது, பங்குத்தந்தை, பங்குமக்கள் என்று. கொய்னோனியாவின் மணம் அதில் தன்னையறியாமலே வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் தெரிவு இப்படி: கடவுளோடு என்னும்போது உறவு, ஆட்களோடு என்னும்போது தோழமை, கொடுப்பது பற்றிய இடங்களில் பகிர்வு. ஒரே சொல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஐக்கியத்தையே வைத்துக்கொள்ளலாம், பழகின சொல், பெண்கள் ஐக்கியத்தின் பெயர்ப்பலகையை யாரும் கழற்ற வேண்டாம். ஐய்க்கியம் என்று மட்டும் எழுதாதீர்கள்.