நிறுத்தினால் மறுபடி எழாத சார்ஜர்

ஐரோப்பாவில் மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் கொண்ட வீடு போன்ற வண்டி, வைத்திருப்பவர்களில் பலர், குளிர்காலம் முழுக்க வண்டியை வாசலில் நிறுத்தி 230 வோல்ட் மின்சாரத்தில் செருகியே வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் பேட்டரி சார்ஜர் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். வசந்தம் வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்புவார்கள். வண்டிகள் தங்கும் முகாமுக்குப் போய், அங்குள்ள மின் இணைப்பில் நீல நிற பிளக்கைச் செருகினால் சார்ஜர் எழாது. இரவில் விளக்கு மங்கும், தண்ணீர் பம்ப் முனகும். வழியில் குலுங்கிக் கெட்டுப்போனதா, முகாமின் மின்சாரம் சரியில்லையா என்று சந்தேகம் எங்கெங்கோ போகும். ஆனால் பல நேரங்களில் கோளாறு வாசலில் நின்றபோதே வந்துவிட்டது. சார்ஜர் ஓடிக்கொண்டே இருந்ததால் அது வெளியே தெரியவில்லை.

ஓடும்போது தெரியாத கோளாறு நிறுத்தியதும் எப்படி வெளிப்படுகிறது? அதைப் புரிந்துகொண்டால், சில காசு பெறுமான ஓர் உதிரிப் பாகத்துக்காக முழு சார்ஜரையும் தூக்கிப் போட வேண்டியிருக்காது.

முதலில், பழுது சார்ஜரில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் போதும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும். மின்சாரத்தில் செருகியதும் அது மெல்ல ஏறி 14.4 வரை போக வேண்டும். பேட்டரி நிறைந்த பிறகு 13.5-க்கும் 13.8-க்கும் நடுவில் நிலைக்க வேண்டும். செருகியும் முள் அசையவில்லை என்றால் சார்ஜரோ, இடையில் உள்ள ஃப்யூஸோ போயிருக்கிறது. ஃப்யூஸைத்தான் முதலில் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனாலும் 11, 12 வோல்ட்டைத் தாண்டாமல் சார்ஜர் மட்டும் கொதிக்கிறது என்றால், பேட்டரியின் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்போது சார்ஜரின் மேல் குற்றமில்லை. இன்னொன்று: சில சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருப்பது தெரிந்தால்தான் மின்சாரமே விடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்து, "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டக்கூடாது.

பழுதைத் தள்ளிப் போடவும் கூடாது. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே ஈய பேட்டரி கிடந்தால், தகடுகளில் ஈய சல்பேட் படிகங்களாக இறுகிவிடும். அப்புறம் நல்ல சார்ஜரைக் கொடுத்தாலும் பேட்டரி பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. பெரும்பாலும் சார்ஜர் பழுதைவிட அந்த பேட்டரியின் விலைதான் அதிகமாகக் கடிக்கும்.

சரி, சார்ஜருக்குள் என்ன நடக்கிறது? இன்றைய சார்ஜர்கள் பெரும்பாலும் ஸ்விட்ச் மோடு வகை. உள்ளே வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை டையோடுகள் நேர்திசையாக்கி, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்புகின்றன. அதில் நிற்பது ஏறக்குறைய 325 வோல்ட். சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு விட்டு ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. மறுபக்கம் வெளிவரும் குறைந்த வோல்ட்டை இன்னொரு ஜோடி டையோடும் கெப்பாசிட்டர்களும் சீராக்கி பேட்டரிக்குக் கொடுக்கின்றன. அதிர்வெண் அவ்வளவு அதிகமாக இருப்பதால்தான், பழைய இரும்புக் கட்டி டிரான்ஸ்ஃபார்மர் செய்த வேலையை உள்ளங்கை அளவு ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் செய்துவிடுகிறது.

மாஸ்ஃபெட்டை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று சொல்வது ஒரு கட்டுப்பாட்டு ஐசி, அதாவது ஒரு சின்ன சில்லு. பல ஆண்டுகளாகப் பரவலாகப் பயன்பட்டு வரும் யுசி3842 என்ற ஐசியை எடுத்துக்கொள்வோம். அது விழிக்க 16 வோல்ட் வேண்டும். விழித்த பிறகு 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் உறங்கிவிடும். ஆனால் செருகிய அந்த நொடியில் போர்டில் இருப்பது 325 வோல்ட் மட்டுமே. அதிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக ஓரிரு மில்லியாம்பியர் கசிந்து, ஐசியின் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன கெப்பாசிட்டரை நிரப்புகிறது. 16 வோல்ட் ஆனதும் ஐசி விழித்து மாஸ்ஃபெட்டை இயக்கத் தொடங்கும். இயங்கத் தேவையான பத்துப் பதினைந்து மில்லியாம்பியரை அந்தக் கசிவால் தர முடியாது. டிரான்ஸ்ஃபார்மரில் தனியாகச் சுற்றியிருக்கும் ஒரு துணைச் சுருள்தான் அதைத் தர வேண்டும். சுருளில் மின்சாரம் வரும்வரை, அந்தச் சில மில்லி நொடிகளுக்கு, சின்ன கெப்பாசிட்டரில் இருக்கும் சேமிப்பே ஐசியைத் தாங்குகிறது. வறண்ட அடிகுழாயில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி அடிப்பதைப் போலத்தான் இதுவும். ஏறிவிட்டால் அப்புறம் அதன் தண்ணீரே அதற்குப் போதும்.

அந்தச் சின்ன கெப்பாசிட்டர் மின்பகு திரவம் நிரப்பிய எலக்ட்ரோலிட்டிக் வகை. வெப்பத்தில் திரவம் மெல்ல மெல்லக் காய்கிறது. கொள்ளளவு சுருங்கும், உள் மின்தடை ஏறும். சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது துணைச் சுருள் தொடர்ந்து ஊட்டுவதால் எதுவும் தெரியாது. ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போச்சு. மறுபடி செருகும்போது 16 வோல்ட் ஏறும், ஐசி விழிக்கும், சுருள் கைகொடுக்கும் முன்பே 10-க்குக் கீழே விழும். மறுபடி ஏறும், விழும். காதை அருகில் கொண்டுபோனால் டிக், டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும். குளிர்ந்த காலையில் எழாத சார்ஜர், வெயில் ஏறிய மதியம் தானாக எழுவதும் உண்டு. திரவம் சூடானால் உள் மின்தடை குறையும்.

இதன் ஆயுளைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிப்பிட்ட கெப்பாசிட்டர், வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறத்தாழ இரு மடங்கு காலம் தாங்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். மூன்றரை ஆண்டுக்கும் மேல். 85 டிகிரியில் வெறும் 8,000 மணி நேரம், சுமார் பதினோரு மாதம். மோட்டார்ஹோமில் சார்ஜர் எங்கே இருக்கிறது? இருக்கைக்கு அடியில், அலமாரியின் அடித்தட்டில், கம்பளிகளுக்கும் கயிறுகளுக்கும் நடுவில்.

திறப்பதற்கு முன் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கலாம். ஐசி ஓடாத பழுதான சார்ஜரில் அது வடியவே நேரமாகும். பிளக், சோலார், பேட்டரி மூன்றையும் பிரித்து, பேட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பெரிய கெப்பாசிட்டரைச் சில கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வழக்கம் ஆபத்தானது. மின்னணுப் பழுது பார்த்துப் பழகாதவர்கள் இதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

மாற்றும் கெப்பாசிட்டர் அதே கொள்ளளவில், அதே அல்லது சற்றுக் கூடிய வோல்ட்டில், 105 டிகிரி வகையாக இருக்கட்டும். பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. வெளிப்பக்க கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். வெளிப்பக்க டையோடு ஷார்ட் ஆனாலும் அதே டிக் டிக் சத்தம் வரும், ஆகவே அதையும் அளந்து பாருங்கள். வண்டி குலுங்கிக் குலுங்கி டிரான்ஸ்ஃபார்மர் போன்ற கனமான பாகங்களின் கால்களில் சால்டர் வளையமாக விரிசல் விட்டிருக்கும். மீண்டும் சூடாக்கினால் சரியாகிவிடும். 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் உள்ள, பாதுகாப்புக்கென்றே செய்த ஒய் வகை கெப்பாசிட்டருக்கு மட்டும் சாதாரணமானதைப் போடவே கூடாது. அது ஷார்ட் ஆனால் மின்சாரம் 12 வோல்ட் பக்கத்துக்கும் வண்டியின் உலோக உடலுக்கும் பாயும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, பேட்டரியை இணைக்காமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றை 230 வோல்ட் கம்பியில் தொடராக வைப்பது பழைய, நம்பகமான வழி. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது.

பிசின் ஊற்றி மூடிய போர்டையும், டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போனதையும் பழுது பார்க்க முயல வேண்டாம். சரியானதைத் திரும்பப் பொருத்தும்போது இருபுறமும் காற்றுக்கு இடம் விட்டு, விசிறியின் தூசியைத் தட்டி, மேலே கிடக்கும் துணிமணியை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். 10 டிகிரி குறைந்தாலே புது கெப்பாசிட்டரின் ஆயுள் இரட்டிப்பாகும்.