கப்பல், துறைமுகப் பாதுகாப்பு நிலைகள்: 1, 2, 3 யாருக்கு என்ன வேலை வைக்கின்றன?

துறைமுக வாசலிலும் கப்பலில் ஏறும் படியான கேங்வே அருகிலும் 'பாதுகாப்பு நிலை 1' என்று ஒரு பலகை இருக்கும். நிலை 1 என்றால் ஆபத்தே இல்லை, நிலை 3 என்றால் தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் புதிதாகக் கப்பலேறுகிறவர்கள் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. ஆபத்து எவ்வளவு என்று அளந்து சொல்வதற்காக வைத்த எண் அல்ல இது. இந்த நேரத்தில் யார் எதைக் கூடுதலாகச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் உத்தரவு.

இந்த ஏற்பாட்டின் பெயர் ஐ.எஸ்.பி.எஸ். விதித்தொகுப்பு, அதாவது கப்பல்களுக்கும் துறைமுக வசதிகளுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள். 2000 அக்டோபரில் ஏமனின் ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்ப நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கோல் மீது வெடிமருந்து ஏற்றிய சிறு படகைக் கொண்டுவந்து வெடிக்கச் செய்தார்கள்; 17 மாலுமிகள் இறந்தார்கள். 2002 அக்டோபரில் ஏமன் கடலோரத்தில் லிம்பர்க் என்ற எண்ணெய்க் கப்பலும் இதே முறையில் தாக்கப்பட்டது. இடையில் நடந்தது 2001 செப்டம்பர் 11. அதுவரை கப்பல் விதிகள் பெரும்பாலும் தீ, மூழ்கல், மோதல் என்று விபத்துகளையே பார்த்தன. வேண்டுமென்றே ஒருவர் கெடுதல் செய்ய வந்தால் என்ன செய்வது என்பதற்கு உலகம் முழுக்க ஒரே நடைமுறை இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2002 டிசம்பரில் லண்டனில் கூட்டிய மாநாட்டில் இந்தத் தொகுப்பு ஏற்கப்பட்டு, 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் 11-2ஆம் அத்தியாயம்தான் இதற்குச் சட்ட பலம். தொகுப்பின் 'ஏ' பகுதி கட்டாயம். 'பி' பகுதி அதை எப்படிச் செய்வது என்ற வழிகாட்டல்.

சர்வதேசப் பயணம் போகும் பயணிகள் கப்பல்கள், 500 மொத்த டன்னேஜும் (கப்பலின் உள் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடும் அளவு) அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்கள், நகரும் கடல் துளையிடு மேடைகள், இவை வந்து நிற்கும் துறைமுக வசதிகள் ஆகியவை இதற்குள் வரும். போர்க்கப்பல்களும், வணிகம் அல்லாத அரசுப் பணிக் கப்பல்களும் வராது.

யார் முடிவு செய்கிறார்கள்?

அரசு மட்டும்தான். கப்பலுக்கு அது எந்த நாட்டுக் கொடியின் கீழ் ஓடுகிறதோ அந்த நாடு. துறைமுகத்துக்கு அது இருக்கும் நாடு. மற்றப் பல வேலைகளை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்பு நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாம், ஆனால் நிலையைத் தீர்மானிப்பதை ஒப்படைக்க முடியாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. கிடைத்த தகவல் நம்பத்தக்கதா, வேறு வழியில் உறுதிப்பட்டதா, குறிப்பான இலக்கைச் சொல்கிறதா, உடனே நடக்கக்கூடியதா, நடந்தால் விளைவு எவ்வளவு பெரிது என்பதைப் பார்த்து அரசு முடிவெடுக்கும். வழக்கமாக 1, 2, 3 என்று படிப்படியாக ஏறும். அபூர்வமாக 1இலிருந்து நேரே 3க்குப் போகவும் இடமுண்டு.

நிலை 1 எப்போதும் இருக்க வேண்டிய குறைந்தபட்சம். ஏறுகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்ப்பது, என்ன வேலைக்கு வந்தார் என்று வேலை உத்தரவையோ பயணச்சீட்டையோ கொண்டு உறுதிசெய்வது, ஆளில்லாத அறைகளைப் பூட்டுவது, பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் அறை), இயந்திர அறை, குடிநீர்த் தொட்டி, காற்றோட்ட அமைப்பு போன்ற இடங்களுக்குக் கண்டவரும் போகாமல் பார்ப்பது எல்லாம் இதில் வரும். சலிப்பான வேலைதான். ஆனாலும் மற்ற இரண்டு நிலைகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. கேங்வே பதிவேட்டில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதே சரியாக இல்லாத கப்பலில் நிலை 2ஐ அறிவித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆபத்து கூடியிருக்கிறது என்று தெரியும்போது நிலை 2. இது ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு நீடிக்கும். ஏறும் வழிகள் குறைக்கப்படும், இரவு ரோந்துக்குக் கூடுதல் ஆள் போடப்படும், வருகிறவர்களுடன் துணைக்கு ஒருவர் போவார், சோதனை அடிக்கடியும் நுணுக்கமாகவும் நடக்கும், கடல் பக்கமிருந்து யாரும் நெருங்காதபடி துறைமுகத்தின் ரோந்துப் படகு சுற்றலாம்.

என் பார்வையில் மூன்றிலும் கடினமானது இதுதான். நிலை 3 கடுமையானது, ஆனால் குறுகியது. நிலை 2 நாள்கணக்கில், வாரக்கணக்கில் இழுக்கும். இருபது பேர் உள்ள கப்பலில் கூடுதல் காவலுக்கு ஆள் எங்கிருந்து வரும்? பகலில் சரக்கு வேலை பார்த்தவர்தான் இரவிலும் நிற்க வேண்டும். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது: நிலை உயர்ந்தது என்பதற்காக ஓய்வு நேர விதி தளர்ந்துவிடாது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த 7 நாட்களிலும் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு என்ற எஸ்.டி.சி.டபிள்யூ. (மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ், காவல்பணி பற்றிய சர்வதேச உடன்படிக்கை) கணக்கு, கப்பலையே காப்பாற்ற வேண்டிய அவசர நேரம் தவிர, அப்படியேதான் இருக்கும். பாதுகாப்புத் திட்டத்தால் வரும் கூடுதல் வேலைப்பளுவையும் எண்ணித்தான் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையைக் கொடி நாடு தீர்மானிக்க வேண்டும் என்று 'பி' பகுதி சொல்கிறது. காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. கப்பலில் தூக்கம்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

நிலை 3 விதிவிலக்கு. ஒரு சம்பவம் நடக்கக்கூடும், அல்லது நடக்கப் போகிறது என்ற நம்பத்தக்க தகவல் இருந்தால் மட்டும் இது வரும். எந்த இடம் குறி என்று தெரியாமலும் இருக்கலாம். கப்பலுக்குள் நுழைய காவலுடன் ஒரே ஒரு வழி, நிலைமையைச் சமாளிக்க வந்தவர்களுக்கு மட்டும் அனுமதி, சரக்கு ஏற்றி இறக்குவது நிறுத்தம், தேவைப்பட்டால் ஆட்களை வெளியேற்றுவது, கப்பலையே நகர்த்துவது. இந்தக் கட்டத்தில் கப்பல் தன் திட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அதிகாரிகளின் உத்தரவுப்படி நடக்க வேண்டும்.

கப்பல் ஒரு நிலை, துறைமுகம் இன்னொரு நிலை

நடைமுறையில் குழப்பம் வருவது இங்கேதான். கப்பலின் நிலை துறைமுகத்தின் நிலைக்குக் கீழே இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. துறைமுகம் 2, கப்பல் 1 என்றால், உள்ளே வருவதற்கு முன்போ, ஏற்கெனவே உள்ளே இருந்தால் தாமதமில்லாமலோ கப்பல் 2க்கு ஏற வேண்டும். செய்தி கிடைத்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதாவது ஒரு நடவடிக்கையைச் செய்ய முடியவில்லை என்றால் மறைக்காமல் துறைமுகப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.

கப்பல் 2, துறைமுகம் 1 என்றால்? துறைமுகம் தானாக உயர வேண்டிய கட்டாயம் இல்லை. 2023 நவம்பரில் கேலக்ஸி லீடர் கப்பல் செங்கடலில் கைப்பற்றப்பட்ட பிறகு, அந்தப் பக்கம் போகும் தங்கள் கப்பல்களுக்குச் சில கொடி நாடுகள் நிலையை உயர்த்தின. அப்படிப்பட்ட கப்பல் அடுத்து அமைதியான ஒரு துறைமுகத்துக்கு அதே நிலையோடு வந்தால், கப்பல் பாதுகாப்பு அதிகாரியும் துறைமுகப் பாதுகாப்பு அதிகாரியும் பேசி, கேங்வே யார் பார்ப்பது, கரைப் பக்கம் யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திடலாம். இதற்குப் பெயர் பாதுகாப்பு உறுதிமொழி. இரு தரப்பும் 'அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று நினைத்து நடுவில் ஓட்டை விடாமல் இருக்கத்தான் இந்தக் காகிதம்.

அப்புறம், ஒவ்வொரு கப்பலிலும் ஒரு ரகசிய எச்சரிக்கை ஏற்பாடு இருக்கும். அழுத்தினால் கப்பலில் மணி அடிக்காது, விளக்கு எரியாது, பக்கத்துக் கப்பலுக்கும் தெரியாது; கரையிலுள்ள அதிகாரிக்கு மட்டும் கப்பலின் அடையாளமும் இடமும் போய்ச் சேரும். அதை இயக்கக் குறைந்தது இரண்டு இடங்கள் இருக்க வேண்டும், ஒன்று பிரிட்ஜில்.

மாலுமிக்கு என்ன உரிமை?

நிலை உயர்ந்தாலே கரைக்குப் போக முடியாது என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். விதித்தொகுப்பின் முகவுரையே, மாலுமிகள் கப்பலிலேயே வாழ்ந்து வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கு ஷோர் லீவும் (கரைக்குப் போய்வர விடுப்பு) நல வசதிகளும் தேவை என்பதை அரசுகள் கவனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. நிலை 3இல் நிறுத்தினால் புரிந்துகொள்ளலாம். நிலை 1இல் 'பாதுகாப்பு' என்று சொல்லி வாசலில் திருப்பி அனுப்பினால், காரணம் கேட்கலாம், கேப்டன் மூலம் எழுதிக் கொடுக்கலாம். இன்னொன்று: தெளிவான காரணம் இல்லாமல் சக மாலுமியையோ அவர் பெட்டியையோ சோதிக்கச் சொல்லி ஒருவரை வற்புறுத்தக் கூடாது.

கப்பலின் பாதுகாப்புக்கு எது தேவை என்பதில் இறுதி முடிவு கேப்டனுடையது. கம்பெனியோ, கப்பலை வாடகைக்கு எடுத்தவரோ அதில் தலையிட முடியாது. அரசின் அதிகாரம் பெற்றவர் தவிர வேறு யாரையும் ஏற விடாமல் மறுக்கலாம், சந்தேகமான கண்டெய்னரை ஏற்ற மாட்டேன் என்றும் சொல்லலாம்.

துறைமுக நாட்டு அதிகாரிகளுக்கும் பெரிய அதிகாரம் உண்டு: சோதனை, தாமதம், தடுத்து வைத்தல், வெளியேற்றுதல் வரை. ஆனால் காரணமில்லாமல் தடுத்து வைத்தாலோ தாமதப்படுத்தினாலோ ஏற்பட்ட இழப்புக்கு நஷ்டஈடு கேட்கக் கப்பல் தரப்புக்கு உரிமை இருக்கிறது. இதைத் தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். நிலை மாறிய ஒவ்வொரு தடவையையும் கப்பல் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பதும் கட்டாயம்தான். எத்தனை மணிக்கு யார் சொன்னார்கள், எப்போது ஒப்புக்கொண்டோம், எப்போது செய்து முடித்தோம் என்று அதில் சேர்த்து எழுதியிருந்தால், நஷ்டஈடு கேட்கும்போது கைகொடுப்பது அதுதான்.