பெய்ஜிங் என்று அடித்தால் என்ன வரும்?

தமிழ்99 விசைப்பலகையில் ஒரு விசைத்தொடருக்கு ஒரே விடைதான். ஒலியை வைத்துச் சீனம் அடிக்கும்போது அந்த வசதி கிடையாது. 1958-இல் சீன அரசு ஏற்ற பின்யின் ரோமன் எழுத்துமுறையில், தொனியை விட்டுவிட்டால் ஏறத்தாழ 400 அசைகளே தேறும். கணினிக்கான சீன எழுத்துகளை வரையறுத்த 1980-இன் ஜிபி 2312 தரத்திலோ 6,763 சீன எழுத்துகள். பெய்ஜிங் என்று அடித்தால் தலைநகரும் வரும், 'பின்னணி' என்ற சொல்லும் வரும். அதனால் சீன உள்ளீட்டு முறை பாதி அகராதி, பாதி ஊகம். அதை நிரல் எழுதும் எடிட்டர் ஒன்றுக்குள்ளேயே எழுதுவது எப்படி என்று பார்ப்போம்.

முதல் வேலை, அசை பிரிப்பது. எஃப், ஏ, என், ஜி, ஏ, என் என்ற ஆறு விசைகளை ஃபாங்-ஆன் என்று வெட்டினால் 'திட்டம்'. ஃபான்-கான் என்று வெட்டினால் 'வெறுப்பு'. எடுத்த எடுப்பில் ஒரு வெட்டை முடிவுசெய்துவிட்டால், சரியான சொல் பட்டியலுக்கே வராது. எல்லா வெட்டுகளையும் கிளைகளாக வைத்துக்கொண்டு, எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரும் என்ற நிகழ்தகவைக் கொண்டு, விட்டர்பி வழிமுறையால் சிறந்த பாதையைத் தேட வேண்டும். நிகழ்தகவுகளை அப்படியே பெருக்காதீர்கள். நீண்ட வாக்கியத்தில் எண் மிகச் சிறிதாகி, கணினியில் விடை பூஜ்யமாகிவிடும். மடக்கை எடுத்துக் கூட்டுங்கள். யு-வின் மேல் இரு புள்ளி வைத்த எழுத்துக்கு வி விசை போதும். பின்யின் அசை எதிலும் வி இல்லை.

இதுவரை கணக்கு. எடிட்டரில்தான் உண்மையான தலைவலி: அடித்து முடியாத அரைகுறை உரை. அதைக் கோப்பின் உரையில் நேரடியாகச் செருகினால் அன்டூ (செய்ததைத் திரும்பப் பெறுதல்), நிரலுக்கு வண்ணமிடல், தானியங்கிச் சேமிப்பு எல்லாம் அதைப் பார்த்துவிடும். பத்து விசைக்குப் பத்து அன்டூ. எனவே கர்சர் இருக்கும் இடத்தில் அடிக்கோட்டுடன் வரைந்து மட்டும் காட்ட வேண்டும். ஸ்பேஸ் அடித்துத் தேர்வுப் பட்டியலின் முதல் சொல்லைத் தேர்ந்தபின் ஒரே செருகலாக உள்ளே போகட்டும். கர்சரின் இடத்தையும் எடிட்டர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தேர்வுப் பட்டியல் திரையின் ஏதோ ஒரு மூலையில் போய் நிற்கும்.

எழுதும் நிலையும் கட்டளை நிலையும் தனித்தனியாக உள்ள விம் போன்ற எடிட்டரில் இன்னொரு சிக்கல். எஸ்கேப் அடித்துக் கட்டளை நிலைக்கு வந்தபின்னும் சீனம் அணையாமல் இருந்தால், வரியை நீக்க அடித்த இரண்டு 'டி'யும் பின்யினாகிவிடும். வரி அப்படியே இருக்கும். எழுதும் நிலையை விட்டு வெளியேறும்போது சீனத்தை அணைத்து, திரும்ப நுழையும்போது பழைய நிலையை மீட்பதே தீர்வு. அரைகுறை உரை இருக்கையில் அடிக்கும் முதல் எஸ்கேப் அதை மட்டும் அழிக்கட்டும்.

நிறுத்தக்குறிகளிலும் கவனம் தேவை. சீன அரைப்புள்ளி முழு அகலம் கொண்டது; நிரலில் விழுந்தால் கம்பைலர் பிழை காட்டும், கண்ணுக்கோ வித்தியாசம் சட்டென்று தெரியாது. குறிப்புரைக்கும் மேற்கோளுக்கும் வெளியே அரை அகலக் குறிகளையே தர வேண்டும். எது குறிப்புரை என்பது எடிட்டருக்குத் தெரியும், இயங்குதளத்துக்குத் தெரியாது. உள்ளீட்டு முறையை எடிட்டருக்குள்ளேயே எழுதுவதில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

பயனரின் தேர்வுகளைக் கற்றுக்கொள்வதில் அவசரம் வேண்டாம். ஒருமுறை தேர்ந்ததையே உடனே முதலிடத்துக்கு ஏற்றினால், பட்டியலின் இரண்டாம் சொல்லுக்குக் கண்ணால் பாராமல் 2 அடித்துப் பழகிய விரல் அடுத்த முறை தவறான சொல்லைப் போட்டுவிடும்.