பறவைக் காய்ச்சல் மனிதரிடம் ஏன் தடுமாறுகிறது?

பணமும் பெரிய மருத்துவமனைகளும் உள்ள நாடுகளே கோவிட் காலத்தில் திணறிப்போயின. நாளைக்குப் பறவைக் காய்ச்சல் மனிதர்களிடையே பரவ ஆரம்பித்தால், ஒரு வளரும் நாடு என்னதான் செய்துவிட முடியும்? வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நிறையவே செய்ய முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த வேலை மருத்துவமனையில் தொடங்குவதில்லை, கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால், இந்த வைரஸ் மனித உடலில் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

அடிப்படைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும். செல்லைப் பற்றிக்கொள்ள உதவுவது ஹெமக்ளூட்டினின். உள்ளே பெருகிய புது வைரஸ்கள் செல்லை விட்டுக் கழன்று போக உதவுவது நியூராமினிடேஸ். இங்கே நாம் பேசும் பறவைக் காய்ச்சல் வைரஸின் பெயர் எச்5என்1, அதில் உள்ள இரண்டு எண்களும் இவற்றின் வகைகளைக் குறிப்பவை. 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு இந்த வைரஸ் தொற்றி 6 பேர் இறந்தார்கள். 2003க்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வந்தவர்கள் 900க்கும் மேல், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். லேசாக வந்து போன தொற்றுகள் கணக்கில் விடுபட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் இது பயங்கரமான எண்தான். இவ்வளவு கொடிய வைரஸ், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொடர்ந்து பரவாமல் நின்றுபோகிறதே, ஏன்?

காரணம் ஒரு சர்க்கரை. நம் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் புல்போல முளைத்து நிற்கின்றன. சங்கிலியின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம், அதற்கு முந்தைய கண்ணி காலக்டோஸ். இந்த இரண்டும் எந்த இடத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காலக்டோஸின் 3ஆம் கார்பனில் இணைந்தால் நுனி நேராக நீண்டு நிற்கும். 6ஆம் கார்பனில் இணைந்தால் வளைந்து திரும்பிக்கொள்ளும். வாத்தின் குடலில் நிறைந்திருப்பது நேரான நுனி, பறவை வைரஸின் ஹெமக்ளூட்டினின் அதைப் பற்றுவதற்கென்றே அமைந்தது. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் வளைந்த நுனிதான். மூன்றுக்கும் ஆறுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில் ஒரு பெருந்தொற்று தடைபட்டு நிற்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீருவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். நேரான நுனி நம்மிடம் அறவே இல்லாமல் இல்லை. நுரையீரலின் அடி ஆழத்தில், காற்று நுண்ணறைகளில் அது இருக்கிறது. கண்ணின் வெண்படலத்திலும் இருக்கிறது. செத்த கோழியை உரித்தவர், நோயுற்ற பறவைகளோடு நாள் முழுக்க இருந்தவர் போன்றவர்களுக்கு வைரஸ் ஏராளமாக உள்ளே போய் அந்த ஆழத்தை எட்டிவிட்டால் கடும் நிமோனியா வருகிறது. ஆனால் அவ்வளவு ஆழத்தில் பெருகும் வைரஸ் தும்மலில் எளிதாக வெளியே வருவதில்லை. ஆளைக் கொல்வதற்கும் ஊருக்குள் பரவாததற்கும் ஒரே காரணம்! அமெரிக்காவில் 2024இல் கறவை மாடுகளிடமிருந்து எச்5என்1 தொற்றிய பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்குக் கண் சிவந்ததோடு போனதற்கும் இந்தச் சர்க்கரை ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, இந்தத் தடை எவ்வளவு உறுதியானது? ஃப்ளூ வைரஸ் தன் மரபுப் பொருளான ஆர்என்ஏவை நகலெடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. கோடிக்கணக்கான நகல்களில் ஏதோ ஒன்று வளைந்த நுனியைப் பற்றும் வடிவத்துக்கு மாறிவிடலாம். மாட்டு வைரஸின் ஹெமக்ளூட்டினினை மட்டும் ஆய்வகத்தில் எடுத்துப் பார்த்தபோது, அந்தப் புரதச் சங்கிலியின் 226ஆம் இடத்தில் ஒரே ஒரு கண்ணி, அதாவது ஒரு அமினோ அமிலம், மாறினாலே அது மனித வகை நுனியைப் பற்றுகிறது என்று 2024 டிசம்பரில் வெளியான ஆய்வு காட்டியது. அது மட்டும் போதாது. மனித மூக்கின் குறைந்த வெப்பத்தில் பெருகவும், காற்றில் சிதையாமல் பயணிக்கவும் வேறு மாற்றங்களும் வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு மனிதத் தொற்றும் வைரஸுக்கு இன்னொரு வாய்ப்பு. அந்த வாய்ப்புகளைக் குறைப்பதுதான் முன்தயாரிப்பின் மையம் என்று நான் நினைக்கிறேன்.

புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் மூன்று கோழிகள் செத்துக் கிடக்கின்றன. தகவல் சொன்னால் மிச்சம் ஏழையும் அழித்துவிடுவார்கள், அக்கம்பக்கத்துக் கோழிகளையும் சேர்த்து. இழப்பீடு எப்போது வரும் என்று தெரியாது. அவர் என்ன செய்வார்? மிச்சத்தை அன்றைக்கே சந்தைக்கு அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தை விலைக்குப் பக்கத்தில் ஒரு தொகையை, பறவைகளை அழிக்கும் அன்றே கையில் கொடுக்கும் நாட்டுக்குத்தான் செய்தி முதலில் வரும். தாய்லாந்து 2004இல் லட்சக்கணக்கான கிராம சுகாதாரத் தன்னார்வலர்களை வீடு வீடாக அனுப்பிச் செத்த கோழிகளைத் தேடியது. 2004 முதல் 2006 வரை அங்கே 25 பேருக்குத் தொற்றி 17 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு மனிதத் தொற்று பதிவாகவில்லை. ஹாங்காங் உயிர்க்கோழிச் சந்தைகளுக்கு மாதாந்திர ஓய்வு நாள் வைத்துக் கழுவியது, பிறகு இரவில் கோழிகளைச் சந்தையில் வைத்திருப்பதையே தடை செய்தது. இதற்கெல்லாம் உயர் தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

தடுப்பூசி வராதா என்றால், வரும், ஆனால் தாமதமாக. முட்டையில் வளர்த்துத் தயாரிக்கும் முறையில் சுமார் ஆறு மாதம் ஆகும், வந்ததும் வசதியுள்ள நாடுகள்தான் முதலில் வாங்கும். தன் நோயாளிகளின் வைரஸைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து செய்த தடுப்பூசியை வாங்க வழியில்லாமல் நிற்பதா என்று கேட்டு, இந்தோனேசியா 2007இல் மாதிரிகள் அனுப்புவதை நிறுத்தியது. ஆபத்தான முடிவுதான், ஆனால் கேள்வி நியாயமானது. வைரஸ் மாதிரிகளையும் அவற்றால் வரும் பலனையும் பகிர்ந்துகொள்ள 2011இல் உலக சுகாதார நிறுவனத்தில் ஓர் உடன்பாடு உருவானதற்கு அந்தச் சண்டையே வழி திறந்தது.

நிதி விஷயத்தில் ஒரு வருத்தம். நோய் வந்தால் பணம் கொட்டுகிறது, அடங்கினால் முதல் வெட்டு கால்நடைத் துறைக்குத்தான். மாவட்டத்துக்கொரு கால்நடை ஆய்வகம், மாதிரியைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோக ஒரு வண்டி, எடுக்கத் தெரிந்த இரண்டு பேர்: இந்தச் செலவை அமைதியான வருடங்களிலும் நிறுத்தவே கூடாது.

அப்புறம், செலவே இல்லாத ஒன்று. கடும் நிமோனியாவோடு வருபவரிடம் "வீட்டுப் பக்கம் கோழி, வாத்து ஏதாவது செத்ததா?" என்று கேட்க ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பழக்கிவிட வேண்டும். ஆமாம் என்றால், ஆய்வு முடிவுக்குக் காத்திருக்காமல் ஒசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைக் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால் பலன் அதிகம். மூக்கில் எடுத்த மாதிரியில் வைரஸ் இல்லை என்று வந்தாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது. நேரான நுனி இருப்பது ஆழத்தில், அதனால் நுரையீரல் சளியையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.